சேதமில்லாத பக்கம்

காலையில் முப்பத்தெட்டுப் படங்கள்.
விரிசலுக்குப் பக்கத்தில் ஆறங்குல ஸ்கேலை வைத்து,
விரிசல் முழுதாக, ஸ்கேல் முழுதாக,
ஓரத்தில் தேதியும் கிளைம் நம்பரும் விழும்படி.
கம்பெனி கேமரா. அந்த நம்பரை அணைக்க
எந்தப் பொத்தானை அழுத்துவதென்று
எட்டு வருடமாக எனக்குத் தெரியாது.

மதுரை பஸ் ஒன்பதரைக்கு.
லாட்ஜ் சுவரில் உப்பு பூத்திருந்தது,
கை தானாக ஸ்கேலைத் தேடியது.
சீ என்று கதவைப் பூட்டிவிட்டு
அக்னி தீர்த்தம் பக்கம் நடந்தேன்.

இங்கே கடலுக்குக் காலை மட்டும்தான்.
சூரியன் அடைவது ஊருக்குப் பின்னால்,
தண்ணீர்த் தொட்டிகளுக்கும் செல்போன் கோபுரத்துக்கும் நடுவே.
தெரியாமல் வந்தவர்கள் கிழக்கே பார்த்து
வராத அஸ்தமனத்துக்குக் காத்து நிற்கிறார்கள்.
இந்தூர்க் குடும்பம் ஒன்று
என் கழுத்தைப் பார்த்ததும் வரிசை கட்டியது.
ஒன்பது பேர், ஈரத்துணி, ஒரு பித்தளைச் செம்பு.
எடுத்தேன்.
அனுப்புங்கள் என்று பெரியவர்
தன் போன் நம்பரை என் ஸ்கேலின் முதுகில் எழுதினார்.
ஒன்பது பேரும்
ஒரு வள்ளத்தின் சேதக் கணக்கில் சேர்ந்தார்கள்.

"அண்ணே, நீங்க எடுத்தா நாங்க எங்க போறது?"
இடுப்பில் பிரிண்டர் கட்டிய முனியராஜ்.
போட்டிக்கு வரவில்லை தம்பி,
நான் உடைந்ததை மட்டும் எடுப்பவன்.
மேலும் கீழும் பார்த்தான்.
"அப்ப இங்க நிறைய இருக்கே."

இருந்தது.
கைப்பிடிச் சுவரில் பெயர்ந்த சிமெண்ட்.
சீனி காதரின் சங்குக் கடைப் பலகையில்
கொம்பு உதிர்ந்து
'பயர் எழுதித் தரப்படும்'.
கடல் ஒதுக்கிய வேட்டி, ஒற்றைச் செருப்பு,
யாரும் கிளைம் வைக்காத சேலை.
எடுத்து எடுத்து அழித்தேன்.

மாங்காய் வண்டிக்காரி
மிளகாய்த்தூள் விரலோடு கேட்டாள்:
"நீங்கதான சார் காலைல சங்குமால்ல
எங்க வள்ளத்த எடுத்தது?"
இன்னாசியின் மனைவி. ரெஜினாள் என்று பிறகுதான் தெரியும்,
படிவத்தில் கணவன் பெயர் மட்டும்.
பணம் எப்போது வரும் என்பாள்.
அதற்கான வாக்கியம் வாயில் தயாராக இருந்தது.
"பேர் இருக்கிற பக்கம் எடுத்தீங்களா?"

இடப்பக்கப் பேரில் பாதி பலகையோடு போய்விட்டது.
"வலப்பக்கம் முழுசா இருக்கு சார்.
அத யாரும் எடுக்கல."
தேவையில்லை என்று சொல்லியிருக்கலாம்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

வண்டியைச் சோளக்காரரிடம் ஒப்படைத்து
அவள் முன்னால் நடந்தாள்,
மாங்காய்க் கத்தியைக் கையில் மறந்தபடி.
வலைகள், ஐஸ் பெட்டிகள், டீசல் வாடை,
எழுந்திருக்க மறுத்த ஒரு நாய்.
வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

நீலத்தில் மஞ்சள் எழுத்து: ஜெனிட்டா ரோஸ்.
"மகதான் எழுதுனா. எட்டாவது படிக்கையில.
'ட்' விட்டுப்போச்சுன்னு அப்புறமா சேத்தா."
ஆமாம்.
அந்தச் சின்ன ட் மட்டும்
மற்ற எழுத்துகளின் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஸ்கேல் சட்டைப்பையில்.
எதற்குப் பக்கத்தில் வைப்பது?
மண்டியிட்டு, மூச்சடக்கி, ஒன்று.
கை ஆடிவிட்டது. இன்னொன்று.
தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.
"கீழ என்ன நம்பரு?"
"உங்க நம்பர்தான்."
"அப்ப சரி."

திரும்பி வந்து தின்ற மாங்காய்க்குக் காசு வாங்கிக்கொண்டாள்.
இருபது ரூபாய். மீதிச் சில்லறையை
எண்ணித்தான் தந்தாள்.

பாம்பன் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது
அறிக்கையில் முப்பத்தொன்பதாவதாக அதைச் சேர்த்தேன்.
குறிப்பு: வலப்பக்கம். சேதமில்லை.
தலைமை அலுவலகம் ஏன் என்று கேட்கும்.
கேட்கட்டும்.

ஸ்கேலின் முதுகில் வியர்வை பட்டு
கடைசி இரண்டு எண்கள் கலைந்திருந்தன.
முன்பின் தெரியாத நூறு பேருக்கு அனுப்பினால்
ஒருவருக்குப் போய்ச் சேரும்
அந்த ஒன்பது பேரும், செம்பும்,
சூரியன் இல்லாத கடலும்.